மேல் வரிசைக்கும் ஒரு பிடி

ஒச்சம்மாளைப் பற்றி எந்தக் குறை சொன்னாலும் பொறுத்துக்கொள்வாள். படிக்காதவள் என்று சொல்லலாம், முன்கோபக்காரி என்று சொல்லலாம், வாய் நீளம் என்றுகூடச் சொல்லலாம். பந்தியில் வஞ்சனை செய்தாள் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்களில் ஒருத்தருக்குக் கறித்துண்டும் அடுத்தவருக்கு வெறும் குழம்பும் வைப்பதைவிடப் பெரிய பாவம் உலகத்தில் கிடையாது என்பது அவள் கட்சி.

அதற்குக் காரணம் இருந்தது. உசிலம்பட்டிக்கு மேற்கே, வானத்தைப் பார்த்து விதைக்கிற ஒரு ஊரில் பிறந்தவள் அவள். எட்டு வயதில் அம்மாவோடு பங்காளி வீட்டுக் கிடாவெட்டுக்குப் போனாள். இலை போட்டார்கள், சோறு வந்தது. குழம்பு வாளி தூக்கி வந்தவன் ஒவ்வொரு இலைக்கும் கரண்டியை அடிவரைக்கும் விட்டு அள்ளி வைத்துக்கொண்டே வந்தான். இவர்கள் இலைக்கு வந்ததும் கரண்டி மேலோடு நின்றுவிட்டது. வெறும் குழம்பை ஊற்றிவிட்டு நகர்ந்தான். அடுத்த இலையில் மறுபடியும் கறி விழுந்தது. அப்பன் செத்த வீடு, கேட்க ஆளில்லாத வீடு, வேறென்ன. அம்மா எழுந்திருக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் அந்த வெறும் குழம்பைப் பிசைந்து கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டாள்.

"எந்திரிச்சு வந்துருக்கலாம்லம்மா" என்று திரும்பி வரும் வழியெல்லாம் ஒச்சம்மாள் கேட்டாள்.

"இலைய விட்டுப் பாதியில எந்திரிக்கக் கூடாதுடி. சோறு என்ன பாவம் பண்ணுச்சு" என்றாள் அம்மா.

அந்தக் கரண்டி மேலோடு நின்ற இடம் ஒச்சம்மாளுக்குள் அப்படியே தங்கிவிட்டது. வளர்ந்த பிறகு ஊரில் எந்த விசேஷம் என்றாலும் அவள் பரிமாறப் போய்விடுவாள். அவள் கையில் கரண்டி இருந்தால் நாட்டாமை இலையும் ஒன்றுதான், மாடு மேய்க்கிறவன் இலையும் ஒன்றுதான்.

ஆனால் வஞ்சனைக்கு இம்புட்டு விரோதியான இவள், தன் வீட்டில் வாரம் தவறாமல் அதையே செய்தாள். கட்டிக்கொண்டவன் மேல் ஆசை வைத்துவிட்டால் சட்டமெல்லாம் வாசலோடு சரி.

அவள் புருஷன் மொக்கையன் உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பால் வண்டி ஓட்டினான். நல்ல வாட்டசாட்டமான ஆள். விடியுமுன்னே கிளம்பி, உச்சிவெயிலில் திரும்பி வருவான். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கப் போனால் ஒச்சம்மாள் கடைக்காரரிடம், "அண்ணே, கொழுப்பு கொஞ்சம் சேத்துப் போடுங்க, வண்டி ஓட்டுற ஒடம்பு" என்று கேட்டு வாங்குவாள். குழம்பு கொதித்ததும் அந்தக் கொழுப்புத் துண்டுகளைத் தேடித் தேடி எடுத்து அவன் தட்டில் வைப்பாள். மகனுக்குக் கறி. தனக்குக் குழம்பு. மொக்கையன் விடமாட்டான், ஒரு துண்டை எடுத்து அவள் தட்டுக்குத் தள்ளுவான். "எனக்குக் கொழுப்பு கொமட்டும், நீங்க தின்னுங்க" என்று திருப்பி அவன் தட்டுக்கே போடுவாள். உண்மையில் அவளுக்குக் கொழுப்பு என்றால் உயிர். கொழுப்பு உடம்புக்கு ஆகாது என்று டிவியில் சொல்வதெல்லாம் உட்கார்ந்து தின்கிறவர்களுக்கு, உழைக்கிற உடம்பில் அது தங்காது, கரைந்துவிடும் என்று அவள் நம்பினாள். அவள் மட்டுமா, ஊரே நம்பியது.

மொக்கையன் நாற்பத்தாறு வயதில், மதுரை காளவாசல் சிக்னலில், பால் வண்டியின் ஸ்டியரிங் மேல் சாய்ந்தபடி செத்துப்போனான். பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லையென்று பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துத் திட்டியிருக்கிறார்கள். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். ஊர் அப்படி முடிக்குமா? பீடி என்றார்கள், தூக்கம் கெட்டது என்றார்கள், கண் பட்டுவிட்டது என்றார்கள். கட்டியவள் ராசி என்றும் இரண்டு பேர் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒச்சம்மாள் ஒன்றை மட்டும் சொன்னாள்: "அந்த மனுசனுக்கு வயித்துக்கு ஒரு குறை வெச்சதில்ல." அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நின்றாள். பதினைந்து வருஷமாக அழுகை வரும்போதெல்லாம் அதைச் சொல்லித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டாள். நிலம் இல்லாத, தாய்வீடு இல்லாத ஒருத்திக்குக் கடைசியில் மிஞ்சிய ஆறுதல் அது. அதற்குத்தான் ஆபத்து வந்தது.

மகன் அழகுராஜாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவனைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்து ஆனையூரில் ஒரு வீடு பிடித்தாள். ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் பார்மசி கல்லூரியில் வேலை கிடைத்தது. அங்கே ஆராய்ச்சிக்கு வளர்க்கும் பிராணிகளின் கூடத்துக்கு ஆள் தேவைப்பட்டது. எலி, சீமைப்பெருச்சாளி, முயல். கூண்டு கழுவுவது, தண்ணீர் மாற்றுவது, தீவனம் வைப்பது. மாடு ஆட்டோடு வளர்ந்தவளுக்கு இது ஒரு வேலையா? பதினான்கு வருஷத்தில் அவள் வைத்த தீவனம் ஒரு நாள் பிந்தியதில்லை, அளவில் ஒரு கிராம் கூடியதில்லை.

ஆனால் இந்தப் பதினான்கு வருஷத்தில், எந்த மருந்து எதற்கு, எந்தக் கூண்டில் என்ன சோதனை என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. துறைத் தலைவர் கிரிதர் சார் மணிக்கணக்கில் பாடம் நடத்துவார், வெளியூர் போய்ப் பேசுவார். கூண்டு கழுவுகிறவளுக்கு ஒரு நிமிஷம் விளக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெரிய படிப்பு, நமக்கென்ன புரியும் என்று விட்டுவிட்டாள். இரண்டு பக்கமும் தப்பு. தண்டனை மட்டும் ஒரு பக்கம் போனது.

போன தை மாதம் ஸ்ரீலக்ஷ்மி என்ற ஆராய்ச்சி மாணவி இருபத்துநான்கு முயல்களை இறக்கினாள். தயிர்ச்சாதமும் மாவடுவுமாக டப்பா கொண்டுவருகிற, மாமிசத்தின் வாசனைகூட அறியாத பெண். ஒச்சம்மாளை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். முயல்களை இரண்டு வரிசையாகப் பிரித்தார்கள். மேல் வரிசையில் பன்னிரண்டு, கீழ் வரிசையில் பன்னிரண்டு. மேல் வரிசைக்குப் பச்சை மூடி டின்னிலிருந்து வெறும் தீவனக் குச்சி. கீழ் வரிசைக்குச் சிவப்பு மூடி டின். அதில் சேர வேண்டியதை ஸ்ரீலக்ஷ்மியே அளந்து கொடுப்பாள். சூடான தேங்காயெண்ணெயில் ஒரு வெள்ளைப் பொடியைக் கரைத்து, தீவனக் குச்சிகளின் மேல் ஊற்றிப் புரட்டி, ஆறவைத்து எடுப்பது ஒச்சம்மாளின் வேலை. புரட்டும்போது கூடமே கமகமவென்று மணக்கும்.

"டின்னுக்கு அடியில தங்குற தூளை மட்டும் கொட்டிடுங்கோ அக்கா. அதுல அளவு சரியா இருக்காது" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

ஒச்சம்மாள் அந்தத் தூளைப் பார்த்தாள். எண்ணெய் ஊறி, வெள்ளைப் பொடி அப்பி, பொலபொலவென்று இருந்தது. குழம்புச் சட்டியில் அடியில் கிடப்பதற்குத்தான் ருசி அதிகம் என்பது அவளுக்குத் தெரியாதா? எண்ணெயும் மாவும் சேர்ந்தது என்றால் ஏதோ சத்து. அதைக் குப்பையில் கொட்டுவதா? அவள் ஊரில் சிந்திய சோளத்தைக்கூடக் கூட்டி அள்ளிக் கோழிக்குப் போடுவார்கள்.

கூடவே இன்னொன்றும் நடந்தது. கீழ் வரிசைக்குத் தீவனம் வைக்கும்போதெல்லாம் மேல் வரிசை முயல்கள் எழுந்து நின்று கம்பியில் மூக்கை அழுத்தும். ஏழாம் நம்பர் முயலுக்கு ஒரு காது பாதி கிழிந்திருந்தது. மூளி என்று கூப்பிடுவாள். அது முன்னங்கால் இரண்டையும் கம்பியில் வைத்துக்கொண்டு அவள் கையையே பார்க்கும். அவள் பச்சை மூடி டின்னைத் திறந்து வெறும் குச்சியை வைத்தால் முகர்ந்துவிட்டு மறுபடியும் கீழே பார்க்கும்.

பன்னிரண்டு பேருக்குக் கறி, பன்னிரண்டு பேருக்கு வெறும் குழம்பு. ஒச்சம்மாளால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் ஸ்ரீலக்ஷ்மி பஸ் ஏறியதும், டின்னின் அடித்தூளை வழித்தெடுத்து மேல் வரிசைக்கு ஆளுக்கு ஒரு பிடி வைத்தாள். சின்னப் பிடிதான். ஆனால் பன்னிரண்டுக்கும் சமமான பிடி. மூளி முதலில் தின்றுவிட்டுக் கையை நக்கியது. "தின்னு தின்னு, ஒனக்கு மட்டும் என்ன கொறை" என்றாள். அன்றைக்கு அவள் மனம் நிறைந்துதான் வீட்டுக்குப் போனாள். மூன்று மாதம், ஒரு நாள்கூடத் தவறாமல் அந்த ஒரு பிடி மேல் வரிசைக்குப் போனது.

மாதம் ஒரு தடவை முயல்களின் காது நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டாம் மாதம் ஸ்ரீலக்ஷ்மியின் முகம் சுண்டிப்போயிருந்தது. மேல் வரிசை ரத்தத்தில் ஏறக் கூடாத ஒன்று ஏறியிருந்தது. ரத்தத்தைச் சோதிக்கிற மருந்து கெட்டுவிட்டது என்று புது மருந்து வாங்கிப் பார்த்தாள். அப்போதும் அதே கணக்கு. ஒருநாள் கூடத்துக்கே வந்து கேட்டாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்கோ. டின் ஏதாவது மாறிப்போச்சா?"

"இல்ல பாப்பா. பச்ச மேல் வரிசைக்கு, செவப்பு கீழ் வரிசைக்கு. அதுல என்னைக்கும் மாறாது."

அது உண்மைதான். ஆனால் கொட்டச் சொன்ன தூளைக் கொட்டவில்லை என்பது அப்போது ஒச்சம்மாளின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சின்னத் தப்புதானே, இதைச் சொல்லி எதற்கு ஏச்சு வாங்குவது என்று விழுங்கிவிட்டாள். பின்னால் அவள் நினைத்து நினைத்து அழுதது இந்த இடத்தைத்தான். அறியாமல் செய்ததைச் சாமி மன்னிக்கும். விழுங்கியதை யார் மன்னிப்பது?

ஸ்ரீலக்ஷ்மிக்கு அவள்மேல் சந்தேகம் வரவேயில்லை. கடிகாரத்தைச் சந்தேகப்பட்டாலும் ஒச்சம்மாக்காவைச் சந்தேகப்பட முடியாது என்று கூடப் படிக்கிறவர்களிடம் சொன்னாளாம்.

பங்குனிக் கடைசியில் முயல்களுக்கு ஊசி போடும் நாள் வந்தது. அதிக மயக்க மருந்து. வலிக்காமல் தூங்கிவிடும். வழக்கமாக ஒச்சம்மாள் அன்றைக்கு லீவு போட்டுவிடுவாள். இந்தத் தடவை உதவியாள் வராததால் தட்டு எடுத்துக் கொடுக்க ஸ்ரீலக்ஷ்மி கூப்பிட்டாள். மறுக்க முடியவில்லை.

நெஞ்சிலிருந்து கிளம்பி வயிறு வரைக்கும் போகிற பெரிய ரத்தக்குழாயை எடுத்து, நீளவாக்கில் கீறி விரித்து, அட்டையில் குண்டூசி குத்தி, ஒரு சிவப்புச் சாயத்தில் போட்டுக் கழுவினார்கள். ரத்தக்குழாய் என்றால் ஏதோ பெரிதாக நினைத்திருந்தாள் ஒச்சம்மாள். பாவாடை நாடா அகலம்கூட இல்லை. முதலில் கீழ் வரிசை. கழுவிய பிறகும் நாடாவில் அங்கங்கே சிவப்பு திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. இதயத்துக்குப் பக்கத்தில் ரொம்பவும் அடர்த்தி. ஸ்ரீலக்ஷ்மி எதிர்பார்த்ததுதான், குறித்துக்கொண்டாள். பிறகு மேல் வரிசை. அதிலும் சிவப்பு. கீழ் வரிசை அளவுக்கு இல்லை, ஆனால் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, பன்னிரண்டு நாடாக்களிலும் இருந்தது.

ஸ்ரீலக்ஷ்மி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏழாம் நம்பர் சீட்டு ஒட்டியிருந்த நாடாவை ஒச்சம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். "செவப்பா இருந்தா என்ன பாப்பா அர்த்தம்?" என்று பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டாள்.

"கொழுப்பு அக்கா. அந்தச் சாயம் கொழுப்புல மட்டும்தான் ஒட்டும். எண்ணெயில கரைக்கற வெள்ளைப் பொடியும் கொழுப்புதான். தின்ற கொழுப்பு ரத்தத்துல ஏறி, குழாய்ச் செவுத்துல இப்படிப் படியறது. வெளியில ஒண்ணும் தெரியாது, பிராணி நன்னா ஓடியாடிண்டுதான் இருக்கும். படிஞ்சு படிஞ்சு ஒருநாள் குழாய் அடைச்சுடும்."

"அடைச்சா?"

"மாரடைப்புதான்."

"மனுசருக்குமா?"

"மனுஷாளுக்காகத்தானே அக்கா இதெல்லாம் பாக்கறோம்."

ஒச்சம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். குழாயடியில் கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். தூள் இருந்த கை. அதற்கு முன்னால் கொழுப்புத் துண்டைத் தேடித் தேடி எடுத்த கை. ஆனையூர் திரும்பும்போது வழி நெடுக அவள் கண்ணுக்குள் அந்த நாடாதான் நின்றது. அதை யாரோ மொக்கையனின் நெஞ்சிலிருந்து எடுத்துக் கழுவிக் காட்டியது போல இருந்தது.

மறுநாள் காலையில் ஸ்ரீலக்ஷ்மி வந்து பையை வைப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

"பாப்பா, அந்தத் தூள நான் கொட்டல. மேல் வரிசைக்கு வெச்சேன்."

ஸ்ரீலக்ஷ்மிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "எத்தனை நாள்?"

"அம்புட்டு நாளும். ஆளுக்கு ஒரு பிடி. அதுக கம்பியில மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கிது. ஒரு வரிசைக்கு வெச்சு ஒரு வரிசைக்கு வெக்காம எனக்குப் பழக்கமில்ல பாப்பா."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்ரீலக்ஷ்மி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எண்ணெய் திங்காத முயல் எப்படி இருக்கும்னு பாக்கத்தானே அக்கா மேல் வரிசை. அது இல்லேன்னா கீழ் வரிசைக்கும் அர்த்தம் இல்லை. இருபத்துநாலு உயிர் அக்கா. ஒண்ணுத்துக்கும் ஆகாம போயிடுத்து" என்று சொல்லி அழுதாள். தன் மூன்று வருஷப் படிப்பைச் சொல்லி அழவில்லை. அதுதான் ஒச்சம்மாளை அறுத்தது.

இரண்டு பேரும் அழுது ஓய்ந்த பிறகு ஒச்சம்மாள் கேட்டாள்: "ஒண்ணு கேக்கவா பாப்பா. எங்க வீட்டு மனுசன் நாப்பத்தாறு வயசுல மாரடைப்புல போனாரு. வாரா வாரம் கொழுப்பா எடுத்து எடுத்து நான்தான் வெச்சேன். என் பங்கையும் அவருக்கே வெச்சேன். அவுகளுக்கும் உள்ள இப்படித்தான் இருந்துருக்குமா?"

ஸ்ரீலக்ஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசர அவசரமாகச் சொன்னாள். "இல்லக்கா, அப்படிச் சொல்ல முடியாது. முயல் புல்லு திங்கற பிராணி. அதுக்குக் கொழுப்பைத் தாங்கற சக்தியே கெடையாது. இதையே எலிக்குக் குடுத்தா லேசுல ஒண்ணும் படியாது. மனுஷா ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாதிரி. பரம்பரை இருக்கு, பீடி சிகரெட் இருக்கு. அவர் பீடி குடிப்பாரா?"

"குடிப்பாரு. ரெண்டு கட்டு."

"பாத்தேளா. அதுவே பெரிய காரணம். முயலை வெச்சு உங்க வீட்டுக்காரரைப் பத்தி யாருமே சொல்ல முடியாதுக்கா."

ஒச்சம்மாள், "பாதியாச்சும் என் கணக்குல வரும்ல பாப்பா?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "தெரியலக்கா" என்றாள்.

கிரிதர் சார் குதித்தார். குதித்து முடித்துவிட்டு, விஷயம் வெளியே போக வேண்டாம், சோதனை மருந்தில் கோளாறு என்று எழுதிவிடலாம் என்றார். ஸ்ரீலக்ஷ்மி முடியாது என்று சொல்லி நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். முதலிலிருந்து தொடங்க அவளுக்கு அனுமதி கிடைத்தது. இன்னும் இருபத்துநான்கு முயல்கள் வரும் என்று அர்த்தம். ஒச்சம்மாளின் ஒரு பிடிப் பாசத்துக்கு இருபத்துநான்கு உயிர் அதிகப்படி. அவளைத் தோட்ட வேலைக்கு மாற்றினார்கள். முயலுக்குப் போகிற குதிரைமசால் தழையை அவள் அறுத்துக் கட்டி வைப்பாள், வேறொருத்தி வந்து எடுத்துப் போவாள். கூடத்துப் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அழகுராஜாவிடம் எதையும் சொல்லவில்லை. தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். அவனுக்கு இப்போது இருபத்தெட்டு வயது. காளவாசலில் ஒரு செல்போன் கடையில் வேலை. அப்பனை உரித்து வைத்த உடம்பு. அதே தோள், அதே தொந்தி, படியேறினால் அதே மூச்சு. இதையெல்லாம் இத்தனை நாள் பூரிப்போடு பார்த்தவள், இப்போது அவன் சட்டையைக் கழற்றினால் நெஞ்சைப் பார்க்கிறாள்.

வைகாசியில் மொக்கையனின் நினைவு நாள் வந்தது. வருஷா வருஷம் அன்றைக்குப் படையல் போடுவார்கள். போட்டோவுக்கு மாலை, புது வேட்டி, ஒரு கட்டு பீடி, அவித்த முட்டை, கறிக்குழம்பு. செத்தவருக்குப் பிடித்ததைத்தான் வைக்க வேண்டும். சாமி கும்பிட்ட பிறகு அந்தப் படையல் இலையில் உட்கார்ந்து மகன் சாப்பிட வேண்டும். அப்பன் சாப்பிட்ட மாதிரி அது.

அழகுராஜா காலையிலேயே கடைக்குப் போய்க் கறி எடுத்து வந்தான். "அப்பாவுக்குப் பிடிச்ச கொழுப்பு தனியா கேட்டு வாங்கிருக்கேன்மா. அம்புட்டும் போட்டுரு" என்றான்.

அவள் வாங்கிக் குழம்பு வைத்தாள். கொழுப்பு உருகிக் குழம்பின் மேல் மினுமினுவென்று மிதந்தது. பதினொரு மணிக்குப் போட்டோவுக்கு முன்னால் இலையைப் போட்டு, சோற்றை வைத்து, சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியை விட்டாள். கரண்டி அடிவரைக்கும் போகவில்லை. மேலே மிதந்த எண்ணெயை ஒதுக்கி, வெறும் குழம்பை மட்டும் மொண்டு மொக்கையனின் இலையில் ஊற்றினாள்.

எட்டு வயதில் பார்த்த அதே கரண்டி. இப்போது அது அவள் கையில் இருந்தது.

"என்னம்மா, வெறும் கொழம்ப ஊத்துற?"

"போதும்ப்பா."

"என்ன போதும்? அப்பாவுக்கே பந்தி வஞ்சனையா?" என்று கேட்டுச் சிரித்தான். அம்மாவைக் கேலி செய்வதாக நினைத்துத்தான் கேட்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நான்தான்டா வெச்சேன். அம்புட்டையும் நான்தான்டா வெச்சேன்" என்று உடைந்து அழுதாள்.

அவனுக்கு எதுவும் விளங்கவில்லை. வருஷா வருஷம் அழுகிறவள்தானே என்று பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டான். பதின்மூன்று வயதிலிருந்து அவள் வாயால் கேட்டுக் கேட்டு மனப்பாடமான ஆறுதலையே அவளுக்குத் திருப்பிச் சொன்னான்.

"அழுகாதம்மா. நீ என்ன கொறை வெச்ச அவருக்கு? வயித்துக்கு ஒரு குறை வெச்சியா?"

சொல்லிக்கொண்டே கரண்டியை வாங்கி, அடியில் கிடந்த கொழுப்பை அள்ளி அப்பாவின் இலையில் வைக்கப் போனான். ஒச்சம்மாள் சட்டென்று சட்டியை இழுத்துச் சேலையோடு அணைத்துக்கொண்டாள். சூடு தொடையில் சுட்டது, விடவில்லை. "வேணாம்ப்பா. அந்த இலையில நீ சாப்பிடணும்டா" என்றாள். அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அப்பன் செத்த கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அழகுராஜா அவளையே பார்த்தான். கோபம் மெல்ல மெல்ல ஏறியது. "செத்தவருக்கு ஒரு வேளைக் கறி வெக்க மனசு வரல ஒனக்கு. இதுல நான் என்னத்த சாப்பிட" என்று சொல்லிவிட்டு எழுந்து சட்டையை மாட்டினான். "கடைக்குப் போறேன்" என்றான். அவள் தடுக்கவில்லை. பதினைந்து வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் பசியோடு வெளியே போனது அன்றைக்குத்தான்.

வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் ஒச்சம்மாள் சட்டியைக் கீழே வைத்தாள். போட்டோவில் மொக்கையன் எப்போதும் போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். போட்ட இலையை அப்படியே விடக் கூடாது, சோறு என்ன பாவம் பண்ணியது? அவனுடைய இலைக்கு முன்னால் உட்கார்ந்து, வெறும் குழம்பைப் பிசைந்து, தலை நிமிராமல் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டாள்.